ராகிக் குழியின் மூச்சு

அணை கட்டி ஊர் மூழ்கிய மூன்றாவது கோடையா, நான்காவதா என்பது பழனியம்மாளுக்கு இப்போது உறுதியில்லை. குமிழிகளை மட்டும் அவள் மறக்கவில்லை. வற்றிக்கொண்டிருந்த நீரில், ஒரே இடத்தில், நான்கு குமிழி எழும், நிற்கும், மறுபடி நான்கு. அவள் புருஷன் குழந்தைவேல் தூங்கும்போது விடும் மூச்சும் அப்படித்தான் விட்டுவிட்டு வரும்.

"சேத்துல அழுகுனது வாயுவாக் கெடக்குது அம்மிணி," என்றார் பரிசல்காரர் சவரியார். "மேல தண்ணி பாரமும் குளுச்சியும் இருக்கற மட்டும் அடங்கிக் கெடக்கும். தண்ணி எறங்குனாக் கெளம்பிரும். இங்க பாரு." பீடி பற்றவைத்த குச்சியைக் குமிழிமேல் நீட்டினார். புஸ்ஸென்று நீலமாகப் பற்றியது.

அவளுக்குள்ளும் ஒன்று அடங்கிக் கிடந்தது. ஊரை விட்டு வரமாட்டேன் என்று தன் அண்ணன் கருப்பண்ணனோடு மல்லுக்கு நின்ற குழந்தைவேல், காலி செய்த அன்றே காணாமல் போனான். கொழும்புக்கு ஓடிவிட்டான் என்றார் கருப்பண்ணன். புருஷன் விட்டுப்போனவள் என்று சந்தையில் சிரித்தார்கள். ஓடுகிறவன் செருப்பை விட்டுவிட்டா ஓடுவான்? அன்று வீட்டில் தானியம் கொட்டிவைக்கும் நிலத்தடி ராகிக் குழியை மூடிக் கல்லைச் சுற்றிக் களிமண் பூசியது கருப்பண்ணன்தான். தனியாக.

குமிழி வந்த இடத்தை விட்டு நீர் விலகியதும் அந்த மூடுகல் தெரிந்தது. சாயங்காலம் அவள் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது கருப்பண்ணன் ஓடிவந்தார்.

"ஏனம்மிணி, பித்துப் புடிச்சுப்போச்சா? ஊறுன ராயிய நாயிகூடத் திங்காது."

"திங்கறதுக்கு இல்லீங்க மாமா. பாக்கறதுக்கு."

"வெளக்கு எறக்காம குழிக்குள்ள போனா உசுரு போயிரும்."

"கொண்டாந்திருக்கறனுங்க. நீங்களே எறக்குங்க."

மறுத்தால் அவளே இறங்குவாள். கடப்பாரையை வாங்கிக் கல்லை நெம்பினார். பழைய சேற்றின் குளிர் முகத்தில் அடித்தது. விளக்கு அணைந்தால் கெட்ட காற்று, எரிந்தால் இறங்கலாம். குழி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. கயிற்றில் இறங்கிய சுடர் அணையவில்லை. நீண்டது. நுனியில் நீலம் கட்டியது.

"காத்து நல்லாத்தான் இருக்குது. நீ அங்கயே நில்லு." குரலில் நிம்மதி. காலை உள்ளே விட்டார்.

நீலத்தை அவள் பார்த்தாள்.

ஒன்றும் சொல்லவில்லை.

அவர் இறங்கிச் சேறு கலங்கியதும் குழி பக்கென்று வாயைத் திறந்தது. தீ. அலறல். பிறகு அதுவும் இல்லை. உள்ளே எரிந்த வெளிச்சத்தில் சேற்றில் மார்வரை புதைந்த குழந்தைவேல் தெரிந்தான். அழுகவில்லை. முகம் மேலே பார்த்தபடி. சேறு நிறைந்த வாயிலிருந்து நான்கு குமிழி. ஒவ்வொன்றாகப் பற்றின. நின்றன. மறுபடி நான்கு.

இருவரையும் மேலே எடுக்க ஓடிவந்தவர்கள் யாரும் துணியவில்லை, குழியைக் கல்லால் மூடினார்கள். பழனியம்மாள் எடப்பாடிக்குத் தறி நெய்யப் போனாள். ஆடியில் வெள்ளம் ஏறிக் குழியை மூடியது. அடுத்த கோடைக்குப் பிறகு சவரியார் பரிசலை விற்றுவிட்டு மேச்சேரியில் ஆடு வளர்த்தார். விற்குமுன் அந்த இடத்தில் குமிழிகளை எண்ணியிருந்தார். எட்டு. நிற்கும். மறுபடி எட்டு.