வண்டிக் கட்டிலுக்கு ஒரு கை

பஞ்சுவின் அப்பா மெத்தை வியாபாரி. யாருக்கு எங்கே வலித்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். இன்னும் கொஞ்சம் தடிமனான மெத்தை.

முதுகு வலியா, ஆறு அங்குலம். கழுத்து வலியா, எட்டு அங்குலம். பக்கத்துக் கடைக்காரருக்குப் பல் வலி வந்தபோதுகூட, "நல்லாத் தூங்கினா எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு மெத்தையை அவர் தலையில் கட்டிவிட்டார். மெத்தைக் கடையில் வளர்ந்ததால் மகளுக்கும் பஞ்சு என்ற பெயரே நிலைத்துவிட்டது. வயது ஒன்பது.

ஆகவே, பெரியப்பாவுக்கு முழங்கால் வலி என்றதும் அப்பா என்ன செய்திருப்பார் என்று சொல்லவே வேண்டாம். பெரியப்பாவின் வீட்டு வண்டியில் பத்து அங்குல மெத்தையைக் கொண்டுபோய்ப் போட்டார்.

வீட்டு வண்டி என்றால் ஓடுகிற வீடு. முன்னால் ஓட்டுபவரின் இருக்கை, நடுவில் அடுப்பும் மடக்கு மேசையும், பின்னால் கட்டில். கட்டிலுக்கு அடியில் சைக்கிள், நாற்காலி, கூடாரம் எல்லாம் வைக்கும் அறை இருந்ததால் கட்டில் உயரம். முன்பு பஞ்சுவின் தோள் வரை இருந்தது. புது மெத்தை வந்த பிறகு மூக்கைத் தொட்டது.

ஒவ்வொரு கோடையிலும் பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்த வண்டியில் ஏரிக்கரைக்குப் போவார்கள். போன மழைக்காலத்தில் பெரியம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு வண்டி வாசலிலேயே நின்றது. பெரியப்பாவும் பெரும்பாலும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் திடீரென்று, "ஏரிக்குப் போயிட்டு வரலாம்னு பாக்கிறேன். நீயும் வர்றியா பஞ்சு?" என்று கேட்டார்.

பஞ்சு அன்றே பையைக் கட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்தப் பையை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

"வண்டியை வித்துடலாம் தம்பி" என்றார் பெரியப்பா, அப்பாவிடம். "கட்டில்ல ஏற முடியாதவனுக்கு வண்டி எதுக்கு? சனிக்கிழமை ஒருத்தர் பாக்க வர்றார்."

"அதுவரைக்கும் பொறுங்கண்ணா. நான் படி செஞ்சு தர்றேன்" என்றார் அப்பா.

செய்தார். கடையில் மிஞ்சிய மெத்தைத் துண்டுகளை அடுக்கி, பூப்போட்ட துணியால் உறை தைத்து, மூன்று படி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியப்பா முதல் படியில் கால் வைத்தார். படி மெதுவாக உள்ளே போனது. அவரும் கூடவே போனார்.

"தம்பி, ஏறச் சொன்னியா, இறங்கச் சொன்னியா?"

பஞ்சு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடையின் அளவு நாடாவை எடுத்து வந்து கட்டிலை அளந்தாள்.

"அப்பா, முதல்ல இந்த மெத்தையை எடுங்க. பழைய நாலு அங்குலமே போதும்."

அப்பாவின் முகம் வெளுத்தது. தடிமனைக் குறைக்கச் சொல்லி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மெல்லிசாவா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா படுக்கப் போகுது?" என்றாள் பஞ்சு.

மெத்தை இறங்கியது.

அடுத்து தச்சரைக் கூப்பிட்டார்கள். பெரியப்பா வாசற்படி ஏறுவதைப் பஞ்சு கவனித்திருந்தாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகுதான் அடுத்த படிக்குப் போவார்.

"ஒவ்வொரு படியும் ரெண்டு கால் நிக்கிற அகலம் வேணும் மாமா. உயரம் கம்மியா இருக்கணும்" என்றாள் தச்சரிடம்.

"அகலம் கூட்டினா பலகை கூட ஆகுமேம்மா."

"கூட ஆகட்டும். உயரத்துல குறையுதே, அங்க எடுத்துக்குங்க."

"உங்க அப்பாகிட்ட பேரம் பேசறதே மேல்" என்று தச்சர் அளவைக் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மரப்படி வந்தது. அப்பா அதன் மேல் குதித்துப் பார்த்தார். அசையவில்லை.

பெரியப்பா முதல் படியில் ஏறினார். இரண்டாம் படியில் நின்றார். அவருடைய இடது கை மேலே நீண்டது. வெறும் காற்றில் விரல்கள் விரிந்து, சற்று நேரம் அப்படியே இருந்தன. பிறகு கையை இறக்கிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

"முட்டி விடமாட்டேங்குது" என்றார்.

மறுபடி ஏறினார். மறுபடியும் அதே கை, அதே இடம். மறுபடியும் இறங்கினார்.

அப்பா படியைக் குனிந்து பார்த்தார். தச்சர் முட்டியைப் பார்த்தார். பஞ்சு மட்டும் கையைப் பார்த்தாள்.

"பெரியப்பா, இடது கையை ஏன் நீட்டுறீங்க?"

பெரியப்பா, வேறு யாருடைய கையோ போல அதைத் திருப்பிப் பார்த்தார்.

"உன் பெரியம்மா முதல்ல ஏறிடுவா. அப்புறம் மேல இருந்து கை குடுப்பா. 'வாங்க மூட்டை'ன்னு கூப்பிடுவா."

"மூட்டையா?"

"லாரியில மூட்டை ஏத்துற மாதிரி இழுப்பாளே." அவர் தூசியே இல்லாத படியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பஞ்சு படியேறி, கட்டிலின் இடது ஓரத்தில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

"இங்கயா பெரியப்பா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்கயா?"

பெரியப்பா அந்தக் கையைப் பிடித்தார். உடனே விட்டுவிடவில்லை.

"என்னால மூட்டையெல்லாம் இழுக்க முடியாது" என்றாள் பஞ்சு. "அப்பா, என் கை இருக்கிற இடத்துக்கு நேரா சுவத்துல ஒரு கோடு போடுங்க."

தச்சர் அந்தச் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனார். தொம் தொம் என்ற சத்தம் ஓரிடத்தில் டக் என்று மாறியது. "உள்ள சட்டம் இருக்கு. இங்க அடிச்சா தாங்கும்" என்றார்.

கடையில் துணி சுற்றி வைக்கும் உருளைக் கட்டை ஒன்றை அப்பா கொண்டுவந்தார். பல வருடக் கைகள் பட்டு வழவழப்பான கட்டை. அதை வெட்டிக் கைப்பிடியாகப் பொருத்தினார்கள்.

பொருத்தி முடிக்க மறுநாள் ஆகிவிட்டது. வண்டி வாங்க வந்தவரும் வாசலில் வந்து நின்றார்.

பெரியப்பா அவரைக் கவனிக்கவில்லை. ஒரு படி. இரண்டு கால். அடுத்த படி. இரண்டு கால். இடது கை மேலே நீண்டது. இந்த முறை காற்றில் நிற்கவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றியது.

அப்படியே ஒரு நிமிடம் நின்றார்.

"வந்துட்டேன்" என்றார், மிக மெதுவாக. பஞ்சுவுக்கு மட்டும்தான் கேட்டது.

கட்டிலில் ஏறித் தன் பக்கமாகப் படுத்துக்கொண்டார். கண்களின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபாதி கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

"பெரியவர் கீழ வந்தார்னா விலை பேசலாம்" என்றார் வாங்க வந்தவர்.

"ஏறவே இவ்வளவு நாள் ஆச்சு. இறங்க நேரமாகும்" என்று மேலிருந்து குரல் வந்தது.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அப்பாவுக்கு இல்லை. "வண்டி விற்கிறதா இல்லைங்க. உங்களுக்கு முட்டி வலி ஏதாவது இருக்கா?" என்று அவர் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். சற்று நேரத்தில் அவருடைய காரின் மேல் பத்து அங்குல மெத்தை ஒன்று ஏறிப் போனது.

"பஞ்சு" என்று பெரியப்பா கூப்பிட்டார். "அலமாரியில பெரியம்மாவோட தலையணை இருக்கு. எடுத்துட்டு வா. அப்படியே உன் பையையும் கட்டிடு."

பஞ்சு தலையணையைக் கொண்டுவந்தாள். அவர் அதை வெறுமையாகக் கிடந்த பாதியில் வைத்து, ஒரு முறை தட்டி நேராக்கினார்.

பஞ்சு படியேறி, அந்தப் பக்கத்தைத் தொடாமல், கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.