வாசம் போன தண்ணீர்

குடுவையை மூக்கருகே கொண்டுபோனபோது, தன் மூக்குதான் அடைத்திருக்கிறதோ என்று அவளுக்கு முதலில் தோன்றியது.

மூன்று வாரமாகக் காலை ஏழு மணிக்கு அவளுடைய முதல் வேலை இதுதான். ஏரியிலிருந்து வந்து, நிலையத்தில் சுத்தமாகி, ஊருக்குப் போகும் தண்ணீரில் அரைக் குடுவை பிடித்து மூடுவாள். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் குலுக்குவாள். பிறகு மூடியைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் ஆழமாக மோந்து பார்ப்பாள். சூடு பட்டால் தண்ணீரில் ஒளிந்திருக்கும் வாசம் மேலே எழுந்து வரும். அதைப் பிடிக்க எந்தக் கருவியையும்விட மனித மூக்கு கெட்டிக்கார மூக்கு. இருபது வருடமாக இதைச் செய்வதால் நிலையத்தில் அவளுக்கு மூக்கம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மூன்று வாரமாக மூடியைத் திறந்ததும் ஈரமண் வாசம் முகத்தில் வந்து மோதும். இன்று ஒன்றுமே இல்லை. சோப்பை எடுத்து மோந்தாள், மணத்தது. நேற்றைய தேநீர் காய்ந்த கோப்பையை மோந்தாள், அதுவும் தெரிந்தது. மறுபடி குடுவை. வெந்நீர், கண்ணாடி. அவ்வளவுதான்.

மேசை மேலிருந்த புகார் தொலைபேசியும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரமாக அது அவள் தூக்கத்தில்கூட அடித்துக்கொண்டிருந்தது. "தண்ணில சேறு நாறுது." "குழந்தைக்கு எப்படிக் குடுக்கறது?" "நீங்கல்லாம் இதையே குடிப்பீங்களா?" குடிப்போம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது.

இன்ஜினியர் கையில் காபியோடு உள்ளே வந்தார்.

"என்ன மூக்கம்மா, ஃபோன் செத்துப்போச்சா?"

"லைன் இருக்கு சார். யாரும் கூப்பிடல."

"பாத்தீங்களா? மயில்துத்தம்னா மயில்துத்தம்தான். அதுக்குப் போய் மூணு வாரம் என்னைத் தொங்கல்ல விட்டீங்களே."

அவள் சிரித்தாள். சிரிப்பதற்குக்கூட முகத்தை உள்ளிருந்து யாரோ இழுத்துவிட வேண்டியிருந்தது.

ஏரியில் பூத்திருந்தது நீலப்பச்சைப் பாசி. பார்வைக்குப் பாசி, பிறப்பில் பாக்டீரியா. வெயிலும் சாக்கடை உரமும் கிடைத்தால் ஒரே வாரத்தில் பெயின்ட் கொட்டினதுபோல் ஏரியை மூடிவிடும். அந்த மண் வாசம் அது செய்யும் சரக்குகளில் ஒன்று. பெரிய நீச்சல் குளம் ஒன்றில் ஒரு உப்புக்கல் அளவு கரைந்தாலே நமக்குத் தெரியும்; ஆனால் யாருக்கும் கெடுதல் செய்யாது. அதே பாசியில் சில வகைகள் இன்னொரு சரக்கையும் செய்து தங்கள் உடலுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் அழியாது. அது தேடிப்போவது ஈரலை; போகும் வழியில் தலையையும் கண்ணையும் தொட்டுவிட்டுப் போகும்.

பாசி உயிரோடு இருக்கும்வரை கவலை குறைவு. உடையாமல் முழுசாக வடிகட்டி எடுத்துவிட்டால், உள்ளே இருப்பதும் அதோடு சேர்ந்து போய்விடும். பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தை, முழுசாகப் பூத்த ஏரியில் போடக் கூடாது என்று கோப்பில் எழுதி வைத்தவளும் அவளேதான். துத்தம் போடலாமா என்று மூன்றாம் முறை இன்ஜினியர் ஃபோனில் கூப்பிட்டபோது மாலை ஏழு மணி. அன்று மட்டும் நாற்பத்தொரு புகார். தம்பியை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்து படுக்க வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"போடுங்க சார்," என்று சொல்லிவிட்டாள்.

அது நடந்து நான்கு நாள். முதல் இரண்டு நாள் செத்த பாசியின் நாற்றம் குடலைப் பிடுங்கியது. நீரூற்றுகளை இரவு பகலாக ஓடவிட்டுத் தண்ணீரைக் காற்றில் வீசினார்கள். மருந்து வாடை என்றும் புகார் வந்ததால் குளோரினைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்தத் தாளிலும் கையெழுத்து அவளுடையதுதான்.

நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். பச்சை மணி கோத்த மாலைகள் தெரியும் இடத்தில் இன்று நிறமே இல்லாத சின்னச் சின்னப் பைகள், காற்றுப் போன பலூன்கள்போலச் சுருங்கி மிதந்தன. எல்லாம் வெறும் தோல். மனதின் ஓரத்தில் ஏதோ ஒரு கேள்வி தலையைத் தூக்கியது. முழுசாக எழுவதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஏட்டில் "உயிருள்ள பாசி இல்லை" என்று எழுதி, பேனாவை மூடினாள்.

மதியம் ஒன்றரை மணிக்கு, சாப்பாட்டு டப்பாவோடு டயாலிசிஸ் வார்டுக்குப் போனாள்.

தம்பி அதைச் சலவைக் கடை என்பான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம். வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். இன்னும் பத்தொன்பது நாளில் அக்காவின் சிறுநீரகம் ஒன்றை அவனுக்கு வைக்கப்போகிறார்கள். பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை அவனை உடம்பு குலையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவளுக்கு இப்போது இருக்கும் ஒரே கணக்கு அந்தப் பத்தொன்பது.

வார்டில் பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு இயந்திரம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கனத்த திரைகள் போட்டு, நோயாளிகள் தூங்கட்டும் என்று சிஸ்டர் விளக்குகளை அணைத்திருந்தார். இயந்திரங்களின் சின்னத் திரைகளில் மட்டும் மங்கலான பச்சை எண்கள். பம்புகள் மெத்மெத்தென்று சுற்றும் ஓசையும், சுவருக்குப் பின்னால் குழாய்களில் தண்ணீர் ஓடும் சலசலப்பும் சேர்ந்து, ஏதோ பெரிய பிராணி ஒன்று வாயை மூடி அசைபோடுவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டன.

"வந்துட்டியா? உன் மூஞ்சியையும் இதே மெஷின்ல ஒரு தடவை போட்டு எடுக்கலாம்க்கா. அவ்வளவு வாடிப் போயிருக்கு."

"வாய மூடிட்டுப் படுடா."

"தலை வலிக்குது. லேசா குமட்டுது."

"காலைல ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"நீ குடுத்ததத்தான். அதான் குமட்டுதோ என்னவோ."

இரண்டு வாய்க்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை. டப்பாவைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்னறைக்குப் போனாள். அங்கே, இயந்திரங்களுக்குப் போகும் குழாய்த் தண்ணீரைக் கரியில் வடிகட்டும் தொட்டிகளின் நடுவே டெக்னீஷியன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து பெரிதாகக் கும்பிட்டான்.

"அக்கா, உங்க புண்ணியம்! நாத்தம் போயே போச்சு. நேத்தே கரி மாத்தணும்னு இருந்தேன். இனி அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

சொன்னது காதில் விழுந்தது. அதற்குமேல் போகவில்லை. குழாயைத் திறந்து டப்பாவைக் கழுவினாள். தண்ணீர் கண்ணாடிபோல் விழுந்தது.

திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கண்கள் தாமாக மூடின. நான்காம் கட்டிலில் இருந்த லாரி டிரைவர் முனகினார்.

"சிஸ்டர், அந்த லைட்ட அணைங்கம்மா. கண்ணு கூசுது."

"அணைச்சுத்தான் இருக்குண்ணே. கனவு காணாம தூங்குங்க."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ஒன்பதாம் கட்டிலில் யாரோ வாந்தி எடுத்தார்கள். சிஸ்டர் கிண்ணத்தோடு ஓடினார். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் கட்டிலிலும் அதே சத்தம்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

காலையில் பாதியில் நின்றுபோன கேள்வி இப்போது எழுந்து நின்றது. தோல்கள் அங்கே இருந்தன. உள்ளே இருந்தது எங்கே?

வாசம் லேசானது, நீரூற்றில் வீசினால் காற்றோடு பறந்துவிடும். மற்றது பறக்காது. அது தண்ணீரிலேயே கிடக்கும். பாதிக் குளோரினால் அதை உடைக்க முடியாது. வீட்டில் குடிப்பவர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பார். குடல் ஒரு காவல்காரன், எதையும் விசாரித்துத்தான் உள்ளே விடுவான். இங்கே காவல்காரன் இல்லை. ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர், தாளைவிட மெல்லிய சவ்வுக்கு அந்தப்பக்கம் தண்ணீர், இந்தப்பக்கம் ரத்தம்.

அதற்காகத்தான் கரித்தொட்டி. அதற்காகத்தான், கரி விட்டதையும் பிடிக்க, கரிக்குப் பின்னால் ஆர்.ஓ. என்னும் நுண்சவ்வு இயந்திரம்.

அவள் பின்னறைக்கு நடந்தாள். ஓட வேண்டும் என்று நினைத்தாள், கால் நடந்தது.

"ஏம்ப்பா, ஆர்.ஓ. ஓடுதுல்ல?" என்று டெக்னீஷியனைக் கேட்டாள்.

"அது ரிப்பேர்க்கா. பதினோரு நாளாச்சு, பார்ட் வரணும். கரித்தொட்டி ரெண்டு இருக்கே, அது போதும்."

"கரி தீர்ந்துச்சான்னு எப்படிப் பாப்ப?"

"குளோரின் அட்டை முக்கிப் பாப்பேன். அப்புறம் மோந்து பாப்பேன். கரி தீந்தா ரெண்டும் தாண்டி வந்துடும்ல?" பெருமையாகச் சிரித்தான். "நாலு நாளா அட்டை நிறம் மாறாம வெள்ளையாவே இருக்கு. இன்னிக்கு வாசமும் இல்ல. நம்ம கரி கல்லு மாதிரிக்கா!"

அவனுக்கு இருந்த அடையாளம் இரண்டே இரண்டு. இரண்டின் வாயையும் அடைத்தது அவள் கையெழுத்து.

"முந்தாநாள்?"

"முந்தாநாள் கரி தாண்டியே நாறுச்சு. அதான் மாத்தலாம்னு…"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தில் எதைப் பார்த்தானோ.

வார்டுக்குத் திரும்பினாள். பச்சை எண்கள். பம்புகளின் மெத்மெத். சுவருக்குள் தண்ணீர். தம்பியின் இயந்திரம் ஓடிய நேரம் மூன்று மணி ஐந்து நிமிடம். கணக்கு தானாக ஓடியது. தொண்ணூற்றிரண்டரை லிட்டர்.

"நிறுத்துங்க."

"என்ன மேடம்?" என்றார் சிஸ்டர்.

"எல்லாத்தையும். தண்ணில விஷம். நிறுத்துங்க. டாக்டரக் கூப்பிடுங்க."

ஒவ்வொன்றாக நின்றன. ஒவ்வொன்றும் நிற்கும்போது கீச்சென்று கத்தியது. கடைசிக் கத்தலும் அடங்கியதும், அந்த அறையில் அவள் இதுவரை கேட்டேயிராத அமைதி இறங்கியது. சுவருக்குள் ஓட்டமும் நின்றுவிட்டது.

இன்ஜினியரைக் கூப்பிட்டாள். "சார், லைன மூடுங்க."

"எந்த லைனு? இன்னிக்கு ஒரு புகார்கூட வரல மூக்கம்மா. போய்த் தூங்குங்க."

"மூடுங்க சார்!"

பின்னால் டெக்னீஷியன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். தாள்கள் சடசடத்தன. "காலை ஷிஃப்ட்டுக்கா. பன்னெண்டு பேர். நாலு மணி நேரம் முழுசா முடிச்சுட்டு… பத்து மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாங்க." முதல் எண்ணைப் போட்டான். ஃபோனின் மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. அடித்து, அடித்து, நின்றது. இரண்டாவது எண். அடித்தது. நின்றது.

அவள் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். பிசுபிசுத்தது. பத்தொன்பது நாள்.

"அக்கா."

"சொல்லுடா."

"லைட்ட அணைக்கச் சொல்லேன். ரொம்பக் கூசுது. சுத்தி வளையம் வளையமா…"

அவன் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. கண்கள் சுருங்கியிருந்தன. வெயிலில் நின்று தூரத்தில் யாரையோ தேடுபவன்போல், மறு கையைத் தூக்கி நெற்றிமேல் வைத்துக்கொண்டான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் விளக்குகள் இருட்டாகக் கிடந்தன.

மூன்றாவது எண் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பினாள். திரைக்குப் பின்னால் மங்கிய அந்த அறையில், பன்னிரண்டு பேரும் இருண்ட கூரையைப் பார்த்தபடி நெற்றிமேல் கையை வைத்திருந்தார்கள்.