ஒன்றாக மினுங்கிய நிழலெண்கள்

"உங்க மூல எண்ணை உங்களுக்கே சொல்றதில்லம்மா. அதுதான் பாதுகாப்பு" என்றார் பெட்டக அலுவலர் வேதமுத்து.

ஜெசிந்தா நகரவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவள் அவள்.

பண அட்டைகளின் மூல எண்களைத் திருட முடியாதபடி வங்கிகளின் வலையம் அவற்றைப் பெட்டகத்தில் பூட்டியிருந்தது. பணம் கடந்துபோகும் ஒவ்வொரு வாயிலுக்கும் வெவ்வேறு நிழலெண். எந்த இரு நிழல்கள் ஒரே ஆளுடையவை என்பது பெட்டகத்துக்கு மட்டுமே தெரியும்.

தம்பி ரொசாரியோவின் இதய அறுவை சிகிச்சைக்கு அவள் பாதி முன்பணம் கட்டியதும் அந்த வாயில் முடங்கியது. மீதி வேறு வாயில் வழியாகப் போனது. யாரோ இருவர் பாதிப் பாதி கட்டியதாக மருத்துவமனை இயந்திரம் எடுத்துக்கொண்டது. முழுத்தொகை கட்டியவர் எவருமில்லை. ஆகவே சிகிச்சையும் இல்லை.

"ரெண்டும் நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"சொன்னா என் வேலை போயிரும்மா."

"அப்போ என் நம்பரக் குடுங்க. உரியவங்க நேர்ல வந்து கேட்டா குடுக்கணும்னு உங்க சட்டத்துலயே இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

வேதமுத்து பெருமூச்சுவிட்டு அவள் விரலைப் பதியவைத்தார். பதினாறு இலக்கச் சீட்டு வந்தது. மருத்துவமனைக் காசாளர் ஷர்மிளா பானுவைத் திரைபேசியில் அழைத்து அதை வாசித்தாள் ஜெசிந்தா.

"மெஷின் ஏத்துக்க மாட்டேங்குதுக்கா."

"மனுஷக் கண்ணு பட்ட எண்ணு திருட்டுப்போனதுக்குச் சமம்" என்றார் வேதமுத்து. "அச்சானதுமே பெட்டகம் வேற எண் போட்டுரும். எல்லா நிழலும் அதோட சேந்து புதுசாயிரும்."

"சரி, அந்தப் புது நம்பரக் குடுங்க."

அதுவும் மாறியது. மூன்றாவதையும் கேட்டாள். பின்னாலிருந்த வரிசை முணுமுணுத்தது. ஜெசிந்தா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கியது.

"அக்கா, இருங்க!" திரைபேசியில் ஷர்மிளா கத்தினாள். "ரெண்டு ரசீதுலயும் நிழலெண் ஒரே நொடியில மினுங்கி மாறுது. இன்னொருக்கா கேளுங்க!"

கேட்டாள். மினுங்கின. ஷர்மிளா ஓடிப்போய்த் தலைமை மருத்துவரை அழைத்துவந்து காட்டினாள். சேர்ந்து மினுங்கும் நிழல்களுக்கு ஆள் ஒருவர்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அன்று பிற்பகலே சிகிச்சை நடந்தது. ரொசாரியோ பிழைத்தான்.

விஷயம் ஊரெங்கும் பரவியது. கேட்கக் கூடாதவர்களின் காதுக்கும் போயிற்று.

நான்கு மாதம் கழித்து ஒரு கப்பல் நிறுவனத்துக்கு வேலை கேட்டுப் போனாள் ஜெசிந்தா. நேர்காணல் செய்தவர் இனிமையாகப் பேசினார்.

"கடைசியா ஒரு சின்ன நடைமுறை. பெட்டக ஆபீசுக்குப் போய் உங்க மூல எண்ணைக் கேளுங்க. நீங்களே வாங்கிக் குடுத்த உரிமைதானே?"

அவர் பின்னால் சுவர் நிறையத் திரைகள். மருந்துக்கடை, மதுக்கடை, தொழிற்சங்கச் சந்தா, மனநல மருத்துவமனை என்று ஒவ்வொரு வாயிலிலிருந்தும் விலைக்கு வாங்கிய ஆயிரமாயிரம் நிழலெண்கள். அவள் கேட்கும் நொடியில் எவையெல்லாம் சேர்ந்து மினுங்கி அவளுடையவை என்று காட்டிக்கொடுக்கும் எனப் பார்க்க இருவர் காத்திருந்தார்கள்.

ஜெசிந்தா எழுந்தாள். "எனக்கு என் நம்பர் தெரிய வேண்டாம்."

"கேக்கலைன்னா, மறைக்க ஏதோ இருக்குன்னுதான் எடுத்துக்குவோம்."

"இருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா. "மறைக்க நானே முழுசா இருக்கேன்."