மை பூசிய பெயர்

தையற்காரி அந்தக் காகிதக் கட்டை வக்கீலம்மாவின் மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"போலீஸ்ல வழக்குப் பதிவு கேட்டு மனுப் போட்டேன். மாசக்கணக்கா இழுத்தடிச்சு இதைக் கொடுத்திருக்காங்க. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மை! இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, விசிறிக்கவா?"

வக்கீலம்மா பதற்றப்படுகிற ஆள் இல்லை. கூரை இடிந்து விழுந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கென்றே நாத்தனார் இருந்தாள். அந்த அலுவலகத்தில் தட்டச்சும் அவள்தான், டீயும் அவள்தான். துப்பறியும் வேலையை மட்டும் யாரும் அவளிடம் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டாள்.

"உட்காருங்க. யாரோட பதிவு?" என்றார் வக்கீலம்மா.

"எங்க அண்ணனோடது."

நாலு வருடங்களுக்கு முன் ஒரு கிடங்கு பற்றி எரிந்தது. சுமை தூக்கும் இருவரும், காவலுக்கு இருந்த அண்ணனும் செத்தார்கள் என்றது போலீஸ். காவல்காரன் குடித்துவிட்டு சிகரெட்டை எறிந்தான் என்று முதலாளி சொன்னார். ஊர் அதை அப்படியே வாயில் போட்டு மென்றது. மூடிய பெட்டி ஒன்றைப் போலீஸ் கொண்டுவந்து கொடுத்தது. திறக்கவே விடவில்லை.

"செத்தவங்க வீட்டுப் பொம்பளைங்க என்னைப் பார்த்தா காறித் துப்பறாங்கம்மா. எங்கம்மா படுத்த படுக்கை. அவ கண்ணை மூடறதுக்குள்ள, 'உன் புள்ள குடிக்கலம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நாத்தனார் அதற்குள் கட்டைப் பிரித்துவிட்டாள். "அண்ணி, இந்தக் கூத்தைப் பாருங்க! இவங்க வாக்குமூலத்துல இவங்க பேரையே மறைச்சிருக்காங்க! அம்மா பேரும் கறுப்பு. ஆனா அப்பா பேர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

"அப்பா இருக்காரா?"

"அடுத்த வருஷமே போயிட்டார். மகன் ஏக்கம்."

"செத்த ரெண்டு பேரோட பெயர்?"

"அதுவும் தெரியுது அண்ணி. காவல்காரர் பெயர்தான் எல்லாப் பக்கத்துலயும் கறுப்பு. முதலாளிதான் உள்ள புகுந்து விளையாடியிருக்கான், சந்தேகமே இல்லை!"

வக்கீலம்மா அலமாரியிலிருந்து காவல்துறையின் விதிப்புத்தகத்தை எடுத்து ஓர் இடத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார். மறுபடியும் துடைத்தார். அண்ணி ஒரே கண்ணாடியை இரண்டு முறை துடைத்து நாத்தனார் பார்த்ததே இல்லை.

"இந்தக் கட்டை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்லையேம்மா."

"நல்லதாப் போச்சு. உடனே கிளம்புங்க."

காவல்துறையின் பதிவு அலுவலகத்தில் அதிகாரி ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருந்தார்கள். எழுத்தரின் விரல்களில் கறுப்பு மை. நாத்தனார் அந்த விரல்களைக் கொலைகாரனின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பெயரை மறைக்கிறது நீங்கதானே? எதை மறைக்கணும், எதை விடணும்னு எப்படி முடிவு பண்றீங்க?" என்று வக்கீலம்மா இதமாகக் கேட்டார்.

எழுத்தருக்குப் பெருமை தாங்கவில்லை. "உயிரோட இருக்கிறவங்க பேரை மறைக்கணும்மா, செத்தவங்களுது தெரியலாம். அதான் விதி. நான் குத்துமதிப்பா பண்ற ஆள் இல்லை. ஒவ்வொருத்தரும் இன்னைக்கு இருக்காங்களா இல்லையான்னு எங்க கணினியில பார்த்துட்டுத்தான் மையையே தொடுவேன்."

"ரொம்பச் சரி. அதனாலதான் வாக்குமூலம் கொடுத்தப்ப உயிரோட இருந்த அப்பாவோட பெயர் இன்னைக்குத் தெரியுது. மகள் பெயர் தெரியலை. ஒரு தப்புகூட இல்லை." வக்கீலம்மா பக்கத்தைத் திருப்பினார். "அப்படின்னா, செத்துப்போன காவல்காரர் பெயருக்கு ஏன் மை பூசினீங்க?"

அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். ஐயோ, ஐயோ! இவ்வளவு நேரம் கண்ணெதிரே இருந்ததே!

தையற்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கானா? எங்க அண்ணன் இருக்கானா?"

அதிகாரி கதவைச் சாத்தினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவர் குடிக்கலைம்மா. முதலாளியோட ஆளுங்க தீ வெச்சதைக் கண்ணால பார்த்த ஒரே சாட்சி அவர். விட்டிருந்தா கொன்னிருப்பாங்க. அதான் செத்துட்டார்னு காட்டி வேற பெயர்ல வெச்சிருக்கோம். அந்தக் கூட்டம் மொத்தமும் மாட்டற வரைக்கும் மூச்சு விடக்கூடாது."

"அந்தப் பெட்டியில?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். "மணல்."

"அடப்பாவிங்களா! இத்தனை நாளா மணலுக்கா நான் பூ வெச்சு அழுதேன்?"

வக்கீலம்மா அவள் தோளில் கை வைத்தபடி அதிகாரியைக் கேட்டார்: "நான் கண்டுபிடிச்சதை எந்த வக்கீலும் கண்டுபிடிப்பாங்க. இதே பதிவை வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

எழுத்தர் மை படிந்த விரலால் தபால் பையைக் காட்டினார். "முதலாளியோட வக்கீல் கேட்டிருந்தார். இன்னைக்குத்தான் உறையில போட்டேன்..."

பையை அப்படியே கவிழ்த்தது நாத்தனார்தான். உறை இன்னும் உள்ளேயே இருந்தது. அதிகாரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "வீட்டுலகூடச் சொல்லாதீங்கம்மா. அவர் உயிர் இப்ப உங்க வாயிலதான் இருக்கு" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

தையற்காரியைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நாத்தனாரும் வீடுவரை கூடப் போனாள். வழியெல்லாம் தையற்காரி ஒரே வாக்கியத்தை மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். படுக்கையருகே உட்கார்ந்ததும் அதை ஒப்பித்தாள்.

"அம்மா, அண்ணன் அன்னிக்குக் குடிக்கலையாம். போலீஸ்லயே சொல்லிட்டாங்க."

கிழவி மகளின் வீங்கிய கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"இவங்க நம்ம வக்கீலம்மா வீட்டு ஆளுதாம்மா."

"கதவைச் சாத்து" என்றாள் கிழவி. சாத்திய பிறகும் குரலை உயர்த்தவில்லை. "குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்டி. அவன்கிட்டயே கேட்டுட்டேன்."

நாத்தனாரின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"நீ உள்ள வந்ததும் தப்பான நம்பர்னு சொல்லி வெச்சிடுவேனே, அந்தப் போனெல்லாம் அவன்தான். முதல் மாசத்துலயே கூப்பிட்டுட்டான்."

"அம்மா!" தையற்காரி வீறிட்டாள். "அப்பா ஏங்கி ஏங்கியே செத்தாரே! அவர்கிட்டக்கூடவா சொல்லலை?"

"சொல்லியிருந்தா அந்த மனுஷன் அன்னிக்கே எந்திரிச்சு மகனைத் தேடிப் போயிருப்பார். அந்த முதலாளி ஆளுங்களும் பின்னாலயே போயிருப்பானுங்க." கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தரைத்தான் காப்பாத்த முடிஞ்சுது."