இடுப்புப் பட்டை ஈயம்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே இடுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொள்வது எங்கள் மிதவையில் எல்லோருக்கும் பழக்கம். தையல் விட்டிருந்தால் உள்ளேயிருக்கும் ஈயக் குண்டுகள் கடலில் கொட்டிப்போகும். பாரம் இல்லாதவள் கடலடிச் சுரங்கத்துக்கு இறங்க முடியாது, இறங்காதவளுக்குக் கம்பெனி சோறு போடாது. ஈயம் தோண்டுவதை உலகமே நிறுத்திவிட்டதால் புதுக் குண்டும் கிடைக்காது.

கரை மூழ்கிய பிறகு மிதவையில் பிறந்தவர்கள் நாங்கள். சட்டப்படி எங்களுக்கு ஊர் கிடையாது. ஊர் இல்லாதவர்கள் கனிமம் பொறுக்கலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓட்டு என்று வாயைத் திறக்கக் கூடாது. தப்பிக்கச் சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. பக்கவாட்டில் சாய்த்துப் போட்ட மிதவை தானாகவே நிமிர்ந்துவிட்டால் அது ஊர். 'தானெழு சோதனை' என்று பெயர். அடியில் பாரமே இல்லாத எங்கள் தகரப் பெட்டி எங்கிருந்து நிமிரும்?

பட்டைகளை எல்லாம் அவிழ்த்து உருக்கி அடிப்பாரம் வார்த்துவிடலாம் என்று சொன்னவள் நான்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சோதனையில் தோற்றால் மறுநாள் கஞ்சிக்கு என்ன வழி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பட்டையை அவிழ்த்துக் கீழே போட்டேன். அடுத்து என்னோடு சுரங்கத்துக்கு இறங்கும் ரொசிற்றா, என்னைத் திட்டிக்கொண்டே போட்டாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

வெயிலைக் கண்ணாடிகளால் குவிக்கும் கதிருலை என் கொழுந்தன் எஸ்தாக்கியின் பொறுப்பு. குண்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, தளத்தில் காயவைத்து, முதல் பிடி உருகியதும் மீதியை அதில் கொட்டினோம். டமாரென்று வெடித்தது. குண்டுகளுக்கிடையே இருந்த ஈரம் ஆவியாகி ஈயத்தைத் தூக்கி அடித்திருந்தது. எஸ்தாக்கியின் இடது கை வெந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து உப்புக்காற்றிலேயே கிடக்கும் எங்களுக்கு, காய்ந்தது என்றால் என்னவென்றே தெரியவில்லை. கையில் ஒட்டாவிட்டால் காய்ந்தது என்று நினைத்திருந்தோம்.

பட்டையைத் திருப்பித் தா என்று கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. எஸ்தாக்கி கட்டுப்போட்ட கையோடு எழுந்து வந்தான்.

"மைனி, ரவையை வறுக்க மாதிரி குண்டை வறுத்துத் தாங்க. நான் போடுதேன்."

"இன்னொரு மட்டம் தெறிச்சா?"

"தெறிச்சா இந்தக் கையும் போவட்டும். இப்பிடியே ஊர் இல்லாம சாவணுமா?"

அதற்கு மேல் யாரும் பட்டையைக் கேட்கவில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு நானும் ரொசிற்றாவும் இளஞ்சூட்டில் வறுத்தோம். அவள் மூக்குக்கண்ணாடியைச் சட்டிக்கு மேலே பிடிப்போம். ஆவி படிந்தால் மறுபடியும் வறுப்போம். கண்ணாடி துளிகூட மங்காத பிறகுதான் எஸ்தாக்கியிடம் கொடுத்தோம். சத்தமே இல்லாமல் உருகி அச்சில் இறங்கியது. ஆறிய கட்டிகளை மிதவையின் அடியில் பூட்டினோம்.

சோதனையன்று, ஊர்களைப் பதியும் பதிவாளரம்மா கொண்டுவந்த கிரேன் எங்கள் வீடுகளோடு மிதவையைச் சாய்த்துப் படுக்கவைத்தது. கயிற்றை விட்டார்கள். மிதவை அப்படியே கிடந்தது. நாங்கள் எல்லோரும் படகுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெல்ல அசைந்தது, தண்ணீரை உதறியது, எழுந்து நேராக நின்றது. ரொசிற்றா அழுதுகொண்டே என் முதுகில் குத்தினாள். எனக்கு அழுகை வரவில்லை. நல்ல திமிர் வந்தது.

பதிவாளரம்மா கைகொடுத்துவிட்டு, ஊரின் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்குத் திக்கென்றது. பாரத்தைப் பற்றி யோசித்தவர்கள் பெயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. எஸ்தாக்கி ஒரு பெயர் சொன்னான், ரொசிற்றா வேறொன்று சொன்னாள், படகுக்குப் படகு சண்டை மூண்டது. நான் பதிவாளரிடம் திரும்பினேன்.

"கொஞ்சம் இரிங்கம்மா. ஊர்க்கூட்டம் போட்டுச் சொல்லுதோம்."

அவர் தலையாட்டிவிட்டுப் படகில் உட்கார்ந்தார். ஓர் அதிகாரி எங்களுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் அவசரப்படவில்லை.