பச்சை விளக்கும் இரண்டு வரிசைகளும்

மைசூரு அக்ரஹாரத்தில் உள்ள அந்தத் தெருவுக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே யாரும் எதற்கும் தாமதமாக வருவதில்லை. கோயில் மணி அடித்தால், அதன் நாக்கு ஆடி ஓய்வதற்குள் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். கல்யாணத்துக்குப் போனால், இலை போடுவதற்கு முன்பே கை கழுவிக்கொண்டு காத்திருப்பார்கள்.

இந்தப் பெருமையே சம்யுக்தாவின் அம்மாவுக்குத் தலைவலியாக வந்து சேர்ந்தது.

அம்மாவின் பெயர் ஸரஸா. மின்சாரப் பொறியாளர். தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் சூரியத் தகடுகளைப் போட வைத்தவர் அவர்தான். தகடுகள் தரும் மின்சாரம் தெருமுனையில் உள்ள பெரிய பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள்ளே பேட்டரி. அதோடு, கணக்குப் போடுகிற ஒரு சின்ன மூளையும் உண்டு. ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒரு விளக்கு. பெட்டி சொல்கிறபடி அந்த விளக்கு நிறம் மாறும்.

சிவப்பு எரிந்தால் மின்சாரம் குறைவு என்று பொருள். மஞ்சள் எரிந்தால் மின்விசிறி, டி.வி. போட்டுக்கொள்ளலாம். பச்சை எரிந்தால் வெயில் கொட்டுகிறது என்று பொருள். கிரைண்டர், தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அப்போது ஓட்டிக்கொள்ள வேண்டும்.

"சூரியன் குடுக்கும்போது வேலையை முடிச்சுண்டா, சாயங்காலம் வெளியிலேர்ந்து மின்சாரம் வாங்கவே வேண்டாம்" என்று அம்மா வீடு வீடாகச் சொன்னார். தெருவே சரி என்று தலையாட்டியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லா வீட்டிலும் அரிசியும் உளுந்தும் ஊறியிருந்தன. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய விரலும் சுவிட்சின் மேல்.

பச்சை எரிந்தது. தாமதமே தெரியாத அந்தத் தெரு, ஒரே நொடியில் சுவிட்சைப் போட்டது.

டொப்.

பெட்டி படுத்துக்கொண்டது. தெருவில் ஒரு மிக்ஸிகூட முனகவில்லை.

"பாதித் தெரு ஓடினா பெட்டிக்கு அது விளையாட்டு மாதிரி" என்று அம்மா விளக்கினார். "முழுத் தெருவும் ஒண்ணா இழுத்தா அதுக்கு மூச்சு முட்டிடும். தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுடும். அதனால ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர் போடுங்கோ. வீட்டு நம்பர்படி போட்டா போதும்."

அங்கேதான் வம்பு தொடங்கியது.

முதலில் எழுந்தவர் செலுவநாராயணன். அம்மாவின் அண்ணா, சம்யுக்தாவின் மாமா, பக்கத்து வீட்டுக்காரர், தெருச் சங்கத்தின் தலைவர். நின்றால் சுவரில் சாய மாட்டார். உட்கார்ந்தால் நாற்காலியில் முதுகு படாது.

"நம்மாத்துக்குக் கோயில்ல முதல் தீர்த்தம். நாலு தலைமுறையா அப்படித்தான்" என்றார். "இப்போ கிரைண்டர்ல மட்டும் ஏழாவதா?"

"அப்போ எங்காத்துக்கு எட்டாவதா?" என்றது எதிர் வீடு.

"எங்க தாத்தா அரண்மனைக்கே போய் வந்தவர். நாங்க கடைசியா?" என்றது கோடி வீடு.

நெடுநேரம் பேசினார்கள். யாரும் முதல் இல்லை, யாரும் இரண்டாவது இல்லை, எல்லாரும் சேர்ந்தே சுவிட்ச் போடலாம் என்று முடிவாயிற்று. யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லாத முடிவு.

அடுத்த ஞாயிறும் டொப்.

தெருமுனையில் மாவுக்கடை வைத்திருக்கும் கௌரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் ஸ்வாமி, நான் கையால ஆட்டறதுக்கா மேல அத்தனை கண்ணாடி போட்டு வெச்சிருக்கீங்க?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டார்.

அன்று மாலை சங்கம் கூடியது. பெட்டியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். செலுவநாராயணன் எழுந்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என் தங்கை இந்தத் தெருவுக்கு வாக்குக் குடுத்திருக்கா" என்றார். "ராமநவமி வரைக்கும் பொறுங்கோ. அன்னிக்கும் பெட்டி படுத்துண்டா, அதைக் கழட்டச் சொல்லி நானே முதல் கையெழுத்துப் போடறேன். எங்க குடும்பம் யாருக்கும் தொந்தரவா இருந்ததில்லை. இனிமேலும் இருக்காது."

அந்தப் பெட்டிக்காக அம்மா எத்தனை மாடி ஏறி இறங்கியிருக்கிறார் என்று சம்யுக்தாவுக்குத் தெரியும். மழையில் நனைந்துகொண்டு தகடுகளைத் துடைத்தது தெரியும். பெட்டி போனால் அம்மாவின் பேரும் அதோடு போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மெல்லக் கேட்டார். "அண்ணா, நீங்க ஒருத்தர் விட்டுக் குடுத்தா மத்தவாளும் விட்டுக் குடுப்பாளே."

"வாக்கு வேற, வரிசை வேற, ஸரஸா" என்றார் மாமா. அதற்கு மேல் அவரிடம் யாரும் பேச முடியாது.

ராமநவமி வந்தது. அன்று எல்லா வீட்டிலும் உளுந்து ஆட்டியே ஆக வேண்டும். தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும் பந்தலில் பானகம், நீர்மோர், ஊறவைத்த பயத்தம்பருப்புக் கோசம்பரியோடு வடையும் கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம்.

காலையில் கோயிலில் பாசுரம் சொன்னார்கள். பெரியவர்களோடு பிள்ளைகளும் எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்ததும் ஒரு வரிசை இரண்டு அடி சொல்லும். அடுத்த இரண்டு அடியை எதிர் வரிசை சொல்லும். சம்யுக்தாவின் வரிசையில் முதல் ஆள் மாமாதான். எதிர் வரிசையில் அவளுடைய தோழன் யதுநந்தன் இருந்தான்.

சம்யுக்தாவின் வரிசை சொல்லும்போது யதுவின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. அவன் வரிசையின் முறை வந்ததும் கன்னம் சரியாகிவிட்டது. சத்தமாகப் பாசுரம் சொன்னான். மறுபடி இவர்கள் முறை. மறுபடி கன்னம் உப்பியது. சம்யுக்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு எப்படியோ சொல்லி முடித்தாள்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவனைப் பிடித்துக்கொண்டாள். "வாயில என்னடா வெச்சிருந்தே?"

"கல்கண்டு."

"பாசுரம் சொல்லும்போதா?"

"சேச்சே. நீங்க சொல்லும்போதுதான் தின்னேன். எங்க முறை வரதுக்குள்ள முழுங்கியாச்சு. உங்க வரிசை சொல்றச்சே எங்க வாய் சும்மாதானே இருக்கு?"

சம்யுக்தா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், என்ன ஆச்சு?" என்றான் யது.

"யது, நம்ம தெருவும் ரெண்டு வரிசைதானே? எதிரும் புதிருமா?"

"அதுக்கென்ன இப்போ?"

அவள் ஓடினாள். மற்றொரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு யது பின்னால் ஓடினான்.

அம்மா பெட்டியின் அருகே கவலையோடு நின்றிருந்தார்.

"அம்மா, பாதித் தெருன்னா பெட்டி தாங்கும்னு சொன்னியே, நிஜமாவா?"

"தாராளமாத் தாங்கும்."

"ஒரு பக்கத்து வீடெல்லாம் ஒரு ஈடு உளுந்து ஆட்டி முடிச்சதும் நிறுத்தணும். அப்புறம் எதிர்ப்பக்கம் ஆட்டணும். மறுபடி இந்தப் பக்கம். பாசுரம் சொல்ற மாதிரி."

அம்மா பெட்டியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். "தாங்கும்டி கண்ணா. ஆனா எந்தப் பக்கம் முதல்ல? அங்கதானே எல்லாம் நிக்கறது."

"மாமா கிட்ட நான் பேசறேன்."

மாமா கூடத்தில் விளக்கைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இன்னும் மஞ்சள்தான் எரிந்தது. சம்யுக்தா தன் யோசனையைச் சொன்னாள்; எதிர் வரிசை ஆரம்பிக்கட்டும் என்றாள்.

"எதிர் வரிசை முதல்ல ஆட்டறதா? நாம கையைக் கட்டிண்டு உட்கார்ந்திருக்கறதா?"

"இன்னிக்குக் கோயில்ல யார் ஆரம்பிச்சா மாமா?"

"எதிர் வரிசை."

"உங்களுக்கு அது மரியாதைக் குறைவா இருந்ததா?"

"அதெப்படி இருக்கும்? அவா பாதி சொன்னா, நாம மீதி சொல்றோம். நாம சொல்லாட்டா அந்தப் பாசுரமே முடியாது." மாமா விரலை உயர்த்தினார். "ஆனா அது பாசுரம். இது உளுந்து."

"பாசுரமே முறை வெச்சுச் சொல்லலாம், உளுந்துக்கு முறை வெக்கக் கூடாதா மாமா?"

மாமாவின் மீசை லேசாக அசைந்தது. அவர் சிரித்தால் அவ்வளவுதான் தெரியும்.

எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, வாசலுக்கு வந்தார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "இன்னிக்குப் பாசுரம் சொல்ற கோஷ்டி முறைப்படி ஆட்டுவோம். எதிர் வரிசை ஆரம்பிக்கட்டும். நாங்க மீதியைச் சொல்றோம்."

எல்லா வாசலிலும் தலைகள் முளைத்தன. செலுவநாராயணன் விட்டுக்கொடுப்பதை அந்தத் தெரு இதற்கு முன் பார்த்ததில்லை.

எதிர் வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விட்டுக்கொடுப்பதில் அவர்கள் மட்டும் குறைந்தவர்களா? "அதெல்லாம் முடியாது. முதல் தீர்த்தக்காரா நீங்க. நீங்களே ஆரம்பிங்கோ" என்றார் யதுவின் அப்பா.

"நான் சொல்லியாச்சு. நீங்கதான்."

"இல்லை இல்லை, நீங்கதான்."

"பெரிய மனசு பண்ணி நீங்க ஆரம்பிக்கணும்."

சம்யுக்தா கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பச்சை எரிந்துவிட்டது. இரண்டு வரிசையிலும் வீட்டுக்குள் இருந்தவர்களின் கைகள் சுவிட்சுக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால், பொறுமை இழந்து எல்லாரும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள்.

அவள் தெருமுனையைப் பார்த்தாள். அங்கே கௌரம்மாவின் மாவுக்கடை, தெருவை அடைத்தாற்போல, எந்த வரிசையிலும் சேராமல் நடுவில் நின்றது.

"கௌரம்மா, நீங்க முதல்ல போடுங்கோ" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

"நானா மரி, குழந்தே? இவங்களுக்கெல்லாம் முன்னாடியா?"

"பாசுரத்துக்கு ஒருத்தர் முதல் சொல்லை எடுத்துக் குடுப்பா. அதுக்கு அப்புறந்தான் வரிசையெல்லாம் சொல்லும். இன்னிக்கு எடுத்துக் குடுக்கறது நீங்கதான்."

கௌரம்மா தெருவை ஒருமுறை பார்த்தார். இரண்டு பக்கமும் இன்னும் கைகூப்பி உபசாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

"சாகு ஸ்வாமி, சாகு, போதும்" என்று குரல் கொடுத்தார். "உங்க மரியாதை முடியறதுக்குள்ள என் உளுந்து முளைச்சு மரமாயிடும்."

அவருடைய பெரிய கிரைண்டர் கடகடவென்று கிளம்பியது. முதல் ஆள் யார் என்ற கேள்வியே இப்போது இல்லை. யாரோ குபீரென்று சிரித்தார்கள். பிறகு இரண்டு வரிசையுமே சிரித்தது.

"கௌரம்மா எடுத்துக் குடுத்தாச்சு" என்று சம்யுக்தா நடுத்தெருவிலிருந்து சொன்னாள். "எதிர் வரிசை, சொல்லுங்கோ."

எதிர் வரிசையின் கிரைண்டர்கள் ஒன்றாகக் கிளம்பின. எல்லாரும் தெருமுனையைப் பார்த்தார்கள்.

டொப் வரவில்லை.

பெட்டி சுகமாக ஒரு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதன் மேல் கையை வைத்து, கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார்.

ஒரு ஈடு ஆட்டி முடிந்ததும் யது பூஜை மணியை ஆட்டினான். எதிர் வரிசை நின்றது. சம்யுக்தா தன் பக்கத்துக்கு மணியடித்தாள். மாமா, பிறந்ததிலிருந்து கிரைண்டரைத் தொட்டறியாத மாமா, தாமே போய் சுவிட்சைப் போட்டார். போட்டுவிட்டு, பாசுரத்தின் மீதி அடியைச் சொல்லி முடித்தவர் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"மாமா, கிரைண்டர்ல உளுந்தைப் போடலை" என்றாள் சம்யுக்தா.

"தெரியும். முதல்ல காலியா ஓட்டிப் பார்க்கணும்" என்றார் மாமா, அசையாமல்.

நண்பகல் பூஜைக்குள் தெரு முழுக்க முதல் ஈட்டு மாவு பொங்கிக்கொண்டு தயாராக இருந்தது; மீதி ஈடுகள் முறை வைத்து ஆடிக்கொண்டிருந்தன. பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

பூஜை முடிந்ததும் பந்தலுக்குக் கூட்டம் வந்தது. தேவராஜ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், எல்லாரும் வந்து பானகம் குடித்தார்கள்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மாமாவிடம் கேட்டார். "உங்க தெருவுல பெட்டியைக் கழட்டப் போறதாக் கேள்விப்பட்டேனே?"

"யார் சொன்னா?" என்றார் மாமா. "எங்காத்துப் பெண் வாக்குக் குடுத்த பெட்டி அது. இன்னொரு எங்காத்துப் பெண் அதை நிறைவேத்தியாச்சு. வேணும்னா உங்க தெருவுக்கும் வந்து சொல்லிக் குடுப்பா. வெத்தலை பாக்கு வெச்சு முறையா அழைக்கணும்."

அம்மா பந்தலுக்குப் பின்னால் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சம்யுக்தாவின் வாயில் ஒரு வடையைத் திணித்தார்.

மற்ற வருஷங்களில் எல்லா வீட்டு மாவும் ஒரே நேரத்தில் தயாராகும். எல்லா வடையும் ஒரே நேரத்தில் பந்தலுக்கு வந்து, மலையாகக் குவிந்து, ஆறிப்போய்க் கிடக்கும். இந்த வருஷம் மாவு முறை வைத்து வந்ததால், வடையும் முறை வைத்தே வந்தது. இந்த வரிசையின் தட்டு காலியாகும்போது அந்த வரிசையின் தட்டு ஆவி பறக்க வந்து நின்றது. அது காலியாகும்போது மறுபடி இந்த வரிசை. அப்படி வந்துகொண்டே இருந்ததால், அந்த ராமநவமிக்கு அந்தத் தெருவில் யாரும் ஆறிப்போன வடை சாப்பிடவில்லை.