நிறம் போகாத நத்தை

போத்தலுக்குள் கிடந்த நத்தை இந்நேரம் வெளுத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிட்டில் போட்ட எந்தக் கடல் நத்தையும் நிறத்தைக் கட்டிக் காப்பதில்லை. மஞ்சள், ஊதா, சிவப்பு என்று உயிரோடு எவ்வளவு ஆட்டம் போட்டிருந்தாலும் சில நாளில் அவித்த கணவாய்த் துண்டு மாதிரி ஆகிவிடும், அதனால்தான் முதலில் படம் எடு, பிறகு போத்தலில் போடு என்று படிப்பிக்கிறார்கள். பேசாலைக் கரையோரம் இருந்த அந்தச் சிறிய கடலாய்வுக் கந்தோரின் பின்னறையில், அழுகிய பாசியின் வீச்சமும் ஸ்பிரிட்டின் நெடியும் கலந்து மூக்கை அரிக்க, மழை இருட்டு யன்னலில் வந்து நிற்க, தக்சிகா போத்தலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் போயிருந்தது. கரும்புள்ளிகளும் போயிருந்தன. உடலைச் சுற்றி ஓடிய நீல விளிம்பு மட்டும் அப்படியே இருந்தது.

அந்த நீலம் அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதை வரைந்தது அவள்தான்.

ஓடில்லாத கடல் நத்தைகளைப் பற்றி ஆராய்கிறேன் என்று ஊரில் சொன்னால், "கடலட்டையோ பிள்ளை? இப்ப கிலோ என்ன போகுது?" என்பார்கள். சந்தையில் ஒரு சதத்துக்கும் உதவாத, பெருவிரல் நுனியளவு உயிர். ஆனால் இதுவரை ஒருவரும் பெயர் வைக்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. போன கிழமை கடல் வத்தியிருந்தபோது, அதே கந்தோரில் வேலை செய்கிற, வயதில் மூத்த சுபத்திராவோடு பாறைப்பக்கம் போனாள். கல்லைப் புரட்டியது சுபத்திரா. நத்தையைத் தண்ணீரோடு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "தக்சி, இஞ்ச வந்து பார், என்ன வடிவு!" என்று கூப்பிட்டதும் அவள்தான். தக்சிகா போனில் படம் மட்டும் எடுத்தாள்.

வீட்டில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது மனம் விழுந்துபோயிற்று. மஞ்சள் உடல், கரும்புள்ளி, வெளிறிய விளிம்பு. எப்போதோ பெயர் வைக்கப்பட்ட, எல்லாருக்கும் தெரிந்த இனம். விளிம்பு மட்டும் நீலமாக இருந்திருந்தால் எந்த இனத்தோடும் பொருந்தியிராது. விரல் தானாகப் போனது என்று பிறகு தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். விரல் தானாகப் போகாது. ஸ்பிரிட்டில் எப்படியும் நிறம் போய்விடும், ஒருவரும் சரிபார்க்க ஏலாது என்று கணக்குப் போட்டுத்தான் படத்தில் விளிம்பைச் சுற்றி நீலம் தீட்டி, தன் ஆய்வை வழிநடத்துகிற பேராசிரியர் கனகசிங்கத்துக்கு அனுப்பினாள். அவர் துள்ளிக் குதித்தார். புதிய இனம், உன்ர பெயரையே வைப்பம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியில் இரண்டு நாள் நன்றாக நித்திரையும் கொண்டாள். அதை நினைக்க இப்போது கூசியது.

மேசை விளக்கைப் போட்டுப் போத்தலைக் கிட்டக் கொண்டுவந்தாள். மூலையிலிருந்த மீன் தொட்டியில் காற்றுக் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. கூரைத் தகரம் காற்றில் ஒருமுறை எழும்பி விழுந்தது.

தீட்டும்போது வால்பக்கத்தில் விரல் ஒருதரம் வழுக்கியிருந்தது. படத்தில் நீலம் உடலைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போய்விட்டது. நிழல் என்று நினைப்பார்கள் என்று அதை அப்படியே விட்டிருந்தாள்.

போத்தலிலும் நீலம் வால் தாண்டி வெளியே நீண்டிருந்தது. சதையில் இல்லை. தெளிந்த ஸ்பிரிட்டில், ஒன்றிலும் ஒட்டாமல். அவள் போத்தலை ஆட்டினாள். நத்தை உருண்டது. அந்தக் கீறும் கூடவே உருண்டது.

போன் அடித்தது. பேராசிரியர்.

"நாளைக்கு விடிய வாறன் பிள்ளை. ஒரு விசயம் மட்டும். படம் தண்ணிக்குள்ளயே எடுத்ததோ? கையில வைச்சு எடுத்தா நிறம் மாறித் தெரியும், அதுதான் கேக்கிறன்."

சொல்லிவிடலாம். சேர், மன்னியுங்கோ, படம் பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் மௌனமாகப் போனை வைப்பதையும், நாளை கந்தோர் முழுக்கத் தன்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வதையும் நினைத்தாள்.

"தண்ணிக்குள்ளதான் சேர்," என்றாள். "ஒருத்தரின்ர கையும் படேல்ல."

"நல்லது. கூட ஆரும் நிண்டவையோ?"

"இல்லை சேர். நான் தனியத்தான்."

போனை வைத்த பிறகுதான் தொட்டியின் குமிழிச் சத்தம் நின்றிருந்தது தெரிந்தது. அவள் படத்தைத் திறந்து பார்த்தாள். நீலம் தீட்டியது மட்டும் அல்ல அவள் செய்த வேலை. கையில் ஏந்திய படம் என்று தெரிந்தால் அது யாருடைய கை என்ற கேள்வி வரும், நீலம் இல்லாததைக் கண்டவளும் அவள்தான். அதனால் சுபத்திராவின் கையையும் அழித்திருந்தாள். அழித்த இடத்தைப் போன் மணலாலும் தண்ணீராலும் நிரப்பித் தந்திருந்தது.

கதவில் ஏதோ இடித்தது. தட்டுகிற சத்தம் இல்லை. காலால் உதைக்கிற சத்தம்.

"தக்சி, உள்ளுக்கு இருக்கிறியா? கதவைத் திற. எனக்குத் திறக்க ஏலாமக் கிடக்கு."

சுபத்திராவின் குரல். தக்சிகா எழும்பினாள். போய்க் கதவைத் திறந்தாள்.

மழையில் நனைந்து நின்றாள் சுபத்திரா. பின்னால் அவளுடைய சைக்கிள் விழுந்து கிடந்தது. ஒரு கை மற்றக் கையைத் துப்பட்டாவால் மூடிப் பிடித்திருந்தது.

"இப்பதான். சந்தியில திரும்பேக்க ஹான்டில் பிடி விட்டுப்போச்சு. குனிஞ்சு பாத்தா..." அவள் துப்பட்டாவை விலக்கினாள்.

சட்டையின் கை மணிக்கட்டில் முடிந்தது. அதற்கப்பால் கை இல்லை. காயம் இல்லை. இரத்தம் இல்லை. கையளவு கடல் இருந்தது. அடி மணல் தெரிகிற தண்ணீர். அதன்மேல் வெயில் நெளிந்தது. வெளியே மழை. ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

"நோகேல்ல. அதுதான் பயமாக் கிடக்கு. வீட்டுக்காரருக்கும் சொல்லேல்ல, நேர உன்னட்டத்தான் வந்தனான். எதைக் கண்டாலும் இன்னதெண்டு பாத்துச் சொல்லுறனி நீதானே. இது என்னெண்டு சொல்லு தக்சி."

நான் அழிச்சனான் அக்கா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். போன் கையிலேயே இருந்தது. ஆனால் சொன்னால் இந்த முகம், தன்னை நம்பி மழையில் ஓடிவந்த இந்த முகம், தன்னைப் பார்க்கிற விதம் மாறிவிடும். கண் முன்னால் அசைகிற தண்ணீரைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அப்படிப் பயந்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

"தெரியேல்ல அக்கா."

தண்ணீர் முழங்கைவரை ஏறியது.

சுபத்திரா அதைக் கவனிக்கவில்லை. தக்சிகாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவாப் பாரன். உனக்குத் தெரியாம இருக்காது."

"சத்தியமாத் தெரியேல்ல."

தோள். மார்பு. சட்டை இருந்த இடத்தில் மணல். சத்தமே இல்லை.

"பயப்பிடாம யோசிச்சுச் சொல்லு," என்றாள் சுபத்திரா மெதுவாக. "நான் நிக்கிறன்."

கழுத்துக்குக் கீழே கடல் அசைந்துகொண்டிருந்தது. மேலே அந்த முகம் மட்டும், அவளை நம்பிக்கொண்டு, பதிலுக்காகக் காத்து நின்றது.